ஆற்றுமுகத்தின் ஆழம்

மேடைகளிலும் கட்டுரைகளிலும் அடிக்கடி எடுத்துக்காட்டப் பெறுவதாலேயே ஆழ்ந்து படிக்கப்படாமற்போகும் பாடல்கள் சில உண்டு. புறநானூற்றின் முப்பதாம் பாட்டு அவற்றுள் ஒன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய இப்பாட்டு, பாடாண் திணையும் இயன்மொழித் துறையும் அமைந்தது. உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பழைய உரையுடன் பதிப்பித்து வெளியிட்ட பின்னர், இப்பாட்டு இருவகையினரால் எடுத்தாளப்பட்டு வருகிறது. பழந்தமிழரின் வானியல் அறிவை நிறுவ விரும்புவோர் இதன் முற்பகுதியை எடுத்துக்கொள்வர். கடல் வாணிகத்தின் சிறப்பைப் பேச விரும்புவோர் பிற்பகுதியை எடுத்துக்கொள்வர். இரண்டையும் இணைத்து ஒரே பாட்டாக வைத்து நோக்குவோர் மிகச் சிலரே.

பாட்டின் பொருள் சுருக்கமாக இது: கதிரவன் செல்லும் நெறி, அதன் வேகம், காற்று வீசும் திசை, தாங்குவது எதுவுமின்றி நிற்கும் வானம் ஆகியவற்றைத் தாமே போய் அளந்து மீண்டவர்போல இவ்வளவென்று கூறுவோர் உலகில் உள்ளனர். அத்தகைய அறிஞராலும் அறியப்படாத அடக்கம் உடையவன் நலங்கிள்ளி. யானை தன் கன்னத்துள் கல்லை மறைத்து வைத்திருப்பதுபோல அவன் தன் வலிமையை மறைத்து வைத்துள்ளான். அவனைப் புலவர் பாடுவது எவ்வாறு? இவ்வாறு வினவிய புலவர், அவன் நாட்டைக் குறிப்பிட்டுப் பாட்டை முடிக்கிறார். அந்நாட்டில், பாயை இறக்காமலும் பாரத்தைக் குறைக்காமலும் புகார்த் துறைக்குள் நுழைந்த பெரிய கப்பலிலிருந்து கடல்தரு பொருள்கள் பெருவழியிற் கொட்டப்படுகின்றன.

வானத்தில் தொடங்கிய பாட்டு துறைமுகத்தில் முடிவது ஏன்? நாட்டுவளம் கூறி முடிப்பது புறப்பாட்டின் மரபு என்று விடை கூறி அமைதல் எளிது. ஆயினும் சோழநாட்டின் வளத்தைக் கூற நெல்லும் கரும்பும் காவிரிப் பெருக்கும் இருக்க, ஒரு கப்பல் துறைக்குள் புகும் காட்சியைப் புலவர் தேர்ந்தெடுத்ததற்கு அவ்விடை காரணம் கூறுவதாகாது. அக்காரணத்தைக் காண, ஒரு கப்பல் ஆற்றுமுகத்திற்குள் எவ்வாறு கொண்டுவரப்படுகிறது என்னும் அறிவு வேண்டும்.

துறை புகும் முறை

அவ்வறிவைப் பெறுவதற்குப் பேராக் மாநிலத்து ஆயர் தாவார் மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டங்களும் பின்னர் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த அவ்வூருக்கு அண்மையிலேயே டிண்டிங் ஆறு கடலோடு கலக்கிறது. முகத்துவாரத்தில் லூமுட் நகரமும் எதிரே பங்கோர்த் தீவும் உள்ளன. தீவுக்கும் நிலத்திற்கும் இடைப்பட்ட நீர்வழியாகச் சரக்குக் கப்பல்கள் ஆற்றினுள் புகுந்து கம்போங் ஆச்சேயில் அமைந்துள்ள துறைக்குச் செல்கின்றன. பங்கோருக்குப் படகேறக் காத்திருக்கும் எவரும் சிவப்பு மிதவைகளையும் பச்சை மிதவைகளையும் காணலாம். கடலிலிருந்து உள்ளே வரும் கப்பலுக்குச் சிவப்பு இடப்புறமாகவும் பச்சை வலப்புறமாகவும் அமைய வேண்டும் என்பது இப்பகுதிக்குரிய விதி. நீர்ப்பரப்பு எவ்வளவு விரிந்து கிடப்பினும், கப்பலுக்கு உரிய வழி அவ்விரு வண்ணங்களுக்கும் இடைப்பட்ட தடமே.

நெடுங்கடலைக் கடந்து வந்த கப்பல்தலைவன் ஆற்றுமுகத்தில் தன் அறிவை மட்டும் நம்புவதில்லை. துறையை அறிந்த வழிகாட்டி ஒருவர் சிறுபடகில் வந்து, கயிற்றேணி வழியாகக் கப்பலில் ஏறுகிறார். கப்பலின் பொறுப்புத் தலைவனிடமே இருப்பினும், எப்பக்கம் திருப்புவது, எவ்வளவு விரைவில் செல்வது என்பவற்றை அவர் கூறுகிறார். ஆறு கொண்டுவரும் மணலும் சேறும், கடல் அலை தள்ளும் மணலும் முகத்துவாரத்தில் சேர்ந்து திட்டாகின்றன. வெள்ளமும் பருவக்காற்றும் அத்திட்டுகளை இடம் மாற்றுகின்றன. ஓதம் ஏறும்போது போதுமான ஆழமுள்ள இடம், ஓதம் வடிந்தபின் கப்பலின் அடியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே ஆழம் ஒருமுறை அளந்து எழுதிவைத்தால் தீர்ந்துவிடும் செய்தியன்று. முற்காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிப் பாகக் கணக்கில் அளந்தனர். இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி, அதில் ஒட்டிவரும் மணலையும் சேற்றையும் கொண்டு இடத்தை உணர்ந்தனர். மலாக்கா நீரிணையில் 'பெர்மாத்தாங் செடெப்பா' என வழங்கும் மணல்திட்டின் பெயரிலேயே ஒரு பாகம் என்னும் அளவு நின்றுவிட்டது. அங்கே 1874ஆம் ஆண்டிலேயே விளக்கு அமைக்க நேர்ந்தமை, அவ்வளவின் அச்சத்தை உணர்த்தும்.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஆயர் தாவார் என்னும் மலாய்ப் பெயருக்கு நன்னீர் என்பது பொருள். கப்பல் கடல்நீரில் மிதப்பதைக் காட்டிலும் நன்னீரில் சற்று மிகுதியாக அமிழும். உப்புநீர் செறிவு மிக்கது. நன்னீர் அதனினும் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு செறிவு குறைந்தது. கடலில் நான்கு மீட்டர் அமிழ்ந்து வரும் கலம் நன்னீர் ஆற்றில் புகுந்தால் ஏறக்குறையப் பத்துச் சென்டிமீட்டர் கூடுதலாக அமிழக்கூடும். இக்காலக் கப்பல்களின் பக்கத்தில் வரைந்துள்ள பாரக்குறியில் நன்னீருக்கெனத் தனிக்கோடு இருப்பதும் இதன் பொருட்டே. அன்றியும், ஆழம் குறைந்த நீரில் விரைந்து செல்லும் கப்பல், மெல்லச் செல்லும் கப்பலினும் தாழ்ந்து செல்லும். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு முதுகண்ணன் சாத்தனாரின் பாட்டுக்குத் திரும்புதல் வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

பாயை இறக்காமை, பாரத்தைக் குறைக்காமை என இரண்டு மறுப்புகள் பாட்டில் அடுத்தடுத்து வருகின்றன. வகுப்பறையில் இவை ஒரே கருத்தை வலியுறுத்த இருமுறை கூறியனபோல விளக்கப்படுதல் உண்டு. அவ்விளக்கம் பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு சோதனைகள்.

பாரம் ஆழத்தைச் சோதிப்பது. ஆழமற்ற துறைக்கு வரும் கலம் வெளியே நின்று சரக்கின் ஒரு பகுதியைப் படகுகளுக்கு மாற்றிச் சற்று மேலே மிதந்த பின்னரே உள்ளே வரவியலும். பாய் தடத்தின் அகலத்தையும் நேர்மையையும் சோதிப்பது. பாய் விரித்த கலம் நினைத்த இடத்தில் நிற்காது. திட்டுகள் மறைந்துள்ள வளைந்த தடத்தில் பாயை இறக்கி, விரைவைக் குறைத்து, துடுப்பாலோ கயிற்றாலோ இழுத்துச் செல்வதே பாதுகாப்பு. நிறைந்த பாரத்தோடும் விரித்த பாயோடும், கடல்நீரிலிருந்து காவிரியின் நன்னீருக்குள் ஒரு பெரிய கலம் புகுந்தது எனின், அத்துறை ஆழமும் அகலமும் நேர்மையும் ஒருங்கே உடையதாதல் வேண்டும். பழைய உரைகாரர் இவ்வடிகளுக்கு ஆற்றுமுகம் என்றே பொருள் கொண்டு, இவை துறையின் நன்மையைக் காட்டுவன என்று குறித்துச் சென்றார். அச்சிறு குறிப்பைப் பின்வந்தோர் விரிக்காமல் விட்டது இழப்பேயாகும்.

பிற துறைகளோடு ஒப்பிட்டால் இக்கூற்றின் நுட்பம் மேலும் விளங்கும். புறநானூற்று 343ஆம் பாட்டில் பரணர் முசிறியைப் பாடுகிறார். அங்கே கப்பல் கொண்டுவந்த பொன், கழியில் செல்லும் தோணிகளால் கரைக்குச் சேர்க்கப்படுகிறது. பெருங்கலம் வெளியே நிற்கச் சிறுதோணிகள் சென்று வருகின்றன. கி.பி. 79இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினியும் முசிறியில் கப்பல் நிற்குமிடம் கரைக்குத் தொலைவில் உள்ளது என்றும், சரக்குப் படகுகளில் ஏற்றியிறக்கப்படுகிறது என்றும் எழுதினார். கிரேக்க மொழியில் அமைந்த 'எரித்திரையக் கடற்பயண நூல்' நெல்கிந்தாவைப் பற்றிக் கூறுவதும் இதுவே: ஆற்றில் திட்டுகள் மிக்கமையால் கப்பல்கள் வெறுமையாக இறங்கிவந்து, கடல்வாயிலில் உள்ள பகரேயில் நின்று சரக்கை ஏற்றிக்கொண்டன. பரணரும் சாத்தனாரும் ஒரே வகையான வாணிக வளத்தையே பாடினர். ஆயினும் ஒருவர் பாட்டில் தோணி உண்டு. மற்றவர் பாட்டில் தோணி இல்லை. சேரநாட்டுக் கழித்துறைக்கும் சோழநாட்டு ஆற்றுமுகத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் புலவர் இருவரும் பிழையின்றிக் கண்டுள்ளனர். இவற்றைப் புனைந்துரை என்று தள்ளுதல் தகாது.

மறைந்திருக்கும் வலிமை

இனி, வானத்தில் தொடங்கிய பாட்டு துறையில் முடிவதன் காரணத்தை ஆராயலாம். நீரின் ஆழம் மேற்பரப்பில் தெரியாது. ஒரு முழ ஆழமும் பத்துப் பாக ஆழமும் கரையில் நிற்பவனுக்கு ஒரே வண்ணமாகத் தோன்றக்கூடும். ஆழத்தின் சான்று, பாரம் நிறைந்த கலம் தரைதட்டாமல் உள்ளே வந்து நிற்பதே. நலங்கிள்ளியின் வலிமையும் அத்தகையது. யானையின் கன்னத்துள் இருக்கும் கல் வெளியே தெரியாது, எறியப்படும்போதே அறியப்படும். கதிரவன் வழியை அளந்தோரும் அவன் அடக்கத்தை அளக்கவியலாது என்று கூறிய புலவர், அளவுகடந்த ஒன்றைக் கேட்போர்க்கு உணர்த்துதல் எவ்வாறு என்னும் தம் வினாவுக்குத் துறையைக் காட்டி விடை கூறுகிறார். பாயும் பாரமும் குறையாத கலத்தைத் தாங்கும் ஆற்றுமுகம், ஆரவாரமின்றிப் பெரும்பொறுப்பைத் தாங்கும் அரசனுக்கு நிகராக நிற்கிறது. புலவர் இதனை உவமை என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. உள்ளுறை என்று இலக்கணம் வகுத்தது அகப்பாட்டுக்கு உரியதாதலின், அப்பெயரை இங்கு இடுவதும் முறையாகாது. எனினும் பாட்டின் முதலும் நடுவும் முடிவும் அறிதற்கரிய அளவு என்னும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்துள்ளன. முடிவை வெட்டி எடுத்து வாணிக வரலாற்றுக்குச் சான்றாக மட்டும் காட்டுவோர், பாட்டைச் சரக்காக இறக்கிவிட்டுக் கலத்தை மறந்தவராவர்.

பாட்டில் இல்லாதவர்

இவ்வளவு நுட்பமான பாட்டிலும் ஒரு குறை உண்டு. திறனாய்வு அதனையும் சொல்லுதல் வேண்டும். கலம் துறைக்குள் புகுந்தது என்று கூறிய புலவர், அதனைப் புகுவித்தவர் யாவர் என்று கூறவில்லை. இப்புலவரே 27ஆம் பாட்டில், செலுத்துவோர் இன்றி விண்ணிற் செல்லும் ஊர்தி ஒன்றை நல்வினை செய்தோர்க்கு உரியதாகப் பாடியவர். விண்ணுலக ஊர்திக்குச் செலுத்துவோர் தேவையற்றவராகலாம். காவிரி முகத்துக் கலத்திற்கு அவர் இன்றியமையாதவர். ஆழமான துறையிலும் ஆழம் எங்கே என்று அறிந்தவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும்.

அவரைக் காட்டுவது அகநானூறு. மதுரை மருதன் இளநாகனார் பாடிய 255ஆம் பாட்டில், பொருள் தேடிப் பிரிந்த தலைவனை எண்ணித் தலைவி பேசுகிறாள். அவன் ஏறிச்சென்ற பெருங்கப்பலை இரவும் பகலும் காற்று உந்துகிறது. மணல் உயர்ந்த அகன்ற துறையில், மாடத்தின் மேல் எரியும் விளக்கைக் குறியாகக் கொண்டு நீகான் அதனைச் செலுத்துகிறான். அரசனைப் பாடிய பாட்டில் இடம்பெறாத மனிதன், பிரிந்தோனை எண்ணி வருந்தும் பெண்ணின் பேச்சில் இடம்பெறுகிறான். தன் கணவனின் உயிர் யார் கையில் இருந்தது என்பதை அவள் மறக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்னும் துறையில் இரவில் ஏற்றிய உயர்மாட விளக்கைப் பாடும்போது, கடலில் ஓடும் கலங்களை அது அழைப்பதாகவே கூறுகிறார். விளக்கை ஏற்றியவரின் கையும் அவ்வழைப்பில் உண்டு.

சாத்தனார் பாட்டில் துறையோரத்து மக்கள் முற்றும் இல்லாமல் இல்லை. சரக்கை வழியிற் சொரிவோராக, தகுதியற்றோர் என்னும் பொருள்படும் ஒரு சொல்லால் அவர்கள் சுட்டப்படுகின்றனர். பரதவர் முதலானோர் என்று பழைய உரை அதற்கு விளக்கம் தருகிறது. செல்வம் மிக்க நாட்டில் எளியோரும் அரும்பொருளைக் கையாள்வர் என்பது புலவர் கருத்தாகலாம். ஆயினும் அச்சொல்லை விளக்கமின்றிக் கடந்து செல்லும் ஆசிரியர் மாணவர்க்குக் குறை செய்தவராவார். மேற்கூறிய கிரேக்க நூல் பரூச் துறையைப் பற்றிச் சொல்லும் செய்தி இங்குத் துணையாகும். அங்கே நருமதையின் முகம் திட்டுகள் நிறைந்தது. ஓதத்தின் வேகம் கப்பல்களைக் கவிழ்க்க வல்லது. ஆகவே அரசனின் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள் பெரிய படகுகளில் நெடுந்தொலைவு எதிர்சென்று, அயல்நாட்டுக் கப்பல்களைத் திட்டுகளுக்கிடையே வழிநடத்தி, ஓதம் அறிந்து இழுத்து வந்தனர். துறையின் ஆழத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தம் வலையாலும் கோலாலும் அறிந்தவர்கள் மீனவரே. தகுதி என்னும் சொல்லுக்குத் துறைமுகத்தில் வைத்துப் பொருள் காண்பதாயின், முதலிடம் அவர்களுக்கே உரியது. புகாரில் அவ்வாறு நிகழ்ந்ததாகப் பாட்டு கூறவில்லை. கூறாமை அதன் எல்லை.

கடல் கடந்தோர்

தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இப்பொருள் அயலானதன்று. பட்டினப்பாலை புகாரில் குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவற்றையும் எண்ணுகிறது. நச்சினார்க்கினியர் அதனைக் கடாரம் என்றார். கடாரம் இன்றைய கெடா என்பது வரலாற்றாசிரியர் கொள்கை. வங்கக்கடலைக் கடந்து வந்தோர்க்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தொலைவிலேயே தோன்றும் குறியாக நின்றது. பிற்காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்கு மக்களை ஏற்றிவந்த கப்பல்கள் நாகப்பட்டினத்தில் கரையை அணுக இயலவில்லை. ஆழமற்ற அக்கடலில் அவை தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மக்களும் மூட்டைகளும் படகுகளில் கொண்டு செல்லப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டனர். 1926ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னால், பாட்டன் பாட்டியரின் பேச்சு நினைவுக்கு வரும் குடும்பங்கள் பேராக்கில் பல. பரணர் பாடிய தோணி பொன்னைக் கரைக்குக் கொண்டுவந்தது. நாகையின் படகோ உழைக்கும் மக்களைக் கரையிலிருந்து கொண்டுபோயிற்று. இவ்விரு தோணிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மாணவனுக்குப் புறநானூறு தன் வீட்டு வரலாற்றோடு இணைந்துவிடும்.

லூமுட் வட்டாரத்திலும் அப்பழைய வேறுபாடு இன்றுவரை நிற்கிறது. ஆற்றின் ஆழத்திற்கு ஏற்ற கப்பல்கள் டிண்டிங் ஆற்றுக்குள் வருகின்றன. மஞ்சோங் மின்நிலையத்திற்கு நிலக்கரி கொண்டுவரும் மாபெருங் கப்பல்கள் ஆற்றுக்குள் வருவதில்லை. லெக்கிர் முனையத்தில் வெளியே ஆழ்நீரில் நின்றே சரக்கை இறக்குகின்றன. முன்னது புகாரின் முறை; பின்னது முசிறியின் முறை.

புகாரின் ஆற்றுமுகமோ இன்று அவ்வாறு இல்லை. காவிரி நீரின் பெரும்பங்கு கொள்ளிடத்தின் வழிச் செல்ல, பூம்புகாரில் கடலைச் சேரும் ஆறு மெலிந்து கிடக்கிறது. 1960களில் அதன் அருகே கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, படகுகளைக் கட்டும் மரத்தூண்களோடு கூடிய செங்கல் மேடை வெளிப்பட்டது. மேடை கிடைத்தது, ஆழம் கிடைக்கவில்லை. மணல் மூடிய அத்தடத்தின் ஆழத்தை அறிய எஞ்சியுள்ள ஈயக்குண்டு சாத்தனாரின் பாட்டே.

ஆகவே இப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் பொருளுரையைக் கரும்பலகையில் எழுதுவதோடு நில்லாமல், இரண்டு பாத்திரங்களில் உப்புநீரும் நன்னீரும் நிரப்பி, மணலிட்ட ஒரே தகரக் குவளையை இரண்டிலும் மிதக்கவிட்டுக் காட்டலாம். குவளையின் பக்கத்தில் இடும் இரண்டு கோடுகள் பாட்டின் முடிவை விளக்கும். இயலுமாயின் மாணவரை லூமுட் துறைக்கு அழைத்துச் சென்று மிதவைகளைக் காட்டலாம். அதன்பின் நீகானைப் பற்றியும், தகுதியற்றோர் எனப்பட்ட மக்களைப் பற்றியும் வினா எழுப்புமாறு அவர்களைத் தூண்டலாம்.

கப்பல் செலுத்துவோனைக் குறிக்க நீகான் என்னும் சொல் வழக்கொழிந்தபின் தமிழில் மாலுமி என்னும் சொல் வழங்கலாயிற்று. மலாயில் அது 'மாலிம்'. இரண்டும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தவை. அச்சொல்லின் முதற்பொருள் ஆசிரியன் என்பது. துறை அறிந்தவனை ஆசிரியன் என்று கடலோடிகள் அழைத்தனர். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும் பாட்டின் பாரத்தைக் குறைக்காமல், அதன் பாயை இறக்காமல், மாணவர் உள்ளத்துள் அதனைக் கொண்டுசேர்க்கக் கடமைப்பட்டவர். அதற்கு அவர் முதலில் ஆழத்தைத் தாமே அளந்திருத்தல் வேண்டும்.